ஒரு சாண் கூடுதல்

கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே லியூவுக்கும் அவள் மாமியார் தாவோவுக்கும் சண்டை மூண்டுவிட்டது. சோறு குழைந்துபோனதற்காகவோ பேச்சில் மரியாதை குறைந்ததற்காகவோ அல்ல. ஒரு மூங்கில் பிளாச்சை எந்த நீளத்துக்கு வெட்டுவது என்பதற்காக.

தாவோவின் வீடு பரிசல் பின்னுகிற வீடு. கோ யுவா குப்பத்தில் கடலுக்குப் போகிற பரிசல்களில் பாதி அந்த வீட்டு முற்றத்தில்தான் பிறந்தது. மூங்கில் பட்டைகளைத் தரையில் விரித்து அகலமான பாயாக முடைவார்கள். மணலில் தோண்டிய குழிமேல் அந்தப் பாயைப் போட்டு, ஏறி நின்று மிதித்து மிதித்துக் குழிவாக இறக்குவார்கள். வாயைச் சுற்றி உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவில் பாயின் ஓரத்தைக் கவ்வவைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் சாணம் பூசி, மரப்பிசின் எண்ணெய் தடவி, வெயிலில் காயவைப்பது.

வளையத்துக்குப் பிளாச்சு வெட்டத் தாவோ வைத்திருந்த கணக்கு சுலபமானது. பரிசலின் குறுக்களவு எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்கு, அதோடு ஒரு சாண். மேற்கொண்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரக் கொஞ்சம் விட்டுக்கொள்வார். அவருடைய மாமியாரும் அப்படித்தான் வெட்டினாராம்.

லியூ மலையடிவாரத்திலிருந்து வந்தவள். அவள் அப்பா வீடு கட்டுகிற தச்சர். நிற்கிற மரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து, அறுத்தால் எவ்வளவு அகலத் தூண் கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். சுற்றளவை எட்டாகப் பிரி, மூன்றை விடு, ஐந்தை வை, அதைப் பாதியாக்கு என்பது தச்சர்களின் வாய்ப்பாடு. லியூ அதைத் திருப்பிப் போட்டு, குறுக்களவிலிருந்து சுற்றளவுக்கு வந்து, தன் முதல் பிளாச்சை வெட்டினாள். அது மாமியாரின் பிளாச்சைவிட அரைச் சாணுக்கு மேல் நீளமாக வந்தது.

"என்னம்மா இது? மூங்கில் உங்க அப்பா வீட்டுத் தோட்டத்துல இருந்து வருதா?" என்றார் தாவோ.

"எங்கப்பா கணக்கு தப்பாதுங்கம்மா. அதுல எழுப்புன கோயில் இன்னும் நிக்குது."

"கோயில் நிக்கும். அது ஒரே இடத்துல நிக்கணும். பரிசல் மிதக்கணும்."

லியூவின் புருஷன் தொவான் எண்ணெய்ச் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டையும் கட்டிப் பாத்துட்டாப் போச்சு. இதுக்கு ஏன் வாய் வலிக்கணும்?"

கட்டிப் பார்த்தார்கள். மாமியாரின் வளையம் சிக்கென்று உட்கார்ந்தது. லியூவின் வளையம் தொளதொளவென்று நின்றது. அன்று முழுக்க அவள் முகத்தை உயர்த்தவில்லை. மறுநாள், நண்டு போடுகிற சின்னத் தொட்டி ஒன்றுக்கு வளையம் வெட்டினார்கள். தாவோவின் கணக்குப்படி வெட்டியது இப்போது நீளமாகிப்போனது.

"இதுக்கு மட்டும் ஏன் சேரல?" என்று லியூ கேட்டாள்.

"சின்னதுன்னா கொஞ்சம் நறுக்கிக்கறதுதான். இதுல கேக்க என்ன இருக்கு?"

தாவோவுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. லியூவுக்கு இருந்தது. அப்பாவின் கணக்கும் சரியில்லை, மாமியாரின் கணக்கும் ஒரே ஒரு அளவுப் பரிசலுக்குத்தான் சரி. அப்படியானால் சரியான கணக்கு என்று ஒன்று இருக்கவேண்டுமே? வட்டம் என்பது யாரோ செய்து வைத்த பொருள் இல்லையே, ஆளுக்கு ஒரு விதமாக இருக்க.

அலை பின்வாங்கின பிறகு கரையோரம் ஈர மணல் பலகைபோலக் கிடக்கும். லியூ ஒரு பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் சிவப்புத் துணியை முடிந்து, முடிச்சு மணலைத் தொட்ட இடத்தில் கோடு கிழித்து, வளையத்தை மெல்ல உருட்டினாள். முடிச்சு மறுபடியும் மணலைத் தொட்டதும் இன்னொரு கோடு. பிறகு வளையத்தின் அகலத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே வைத்து அளந்தாள். மூன்று தடவை முழுசாக வந்தது. அதற்கப்புறம் ஒரு துண்டு மிச்சம்.

அந்தத் துண்டின் நீளத்துக்கு ஓர் ஈர்க்கு ஒடித்து, அதைக்கொண்டு பெரிய குச்சியை அளந்தாள். ஏழு தடவை போனது. அதற்கு மேலும் ஒரு பொட்டு மிச்சம், நகக்கண் அளவு.

சின்ன வளையத்தை உருட்டினாள். மூன்று, ஒரு துண்டு, அந்தத் துண்டு ஏழு தடவை. அரிசி அப்பளம் ஊற்றுகிற சட்டியின் மூடியை உருட்டினாள். அதே மூன்று, அதே ஏழு. நெத்திலியை உப்பில் ஊறவைத்துச் சாறு இறக்குகிற மரத்தொட்டியை உருட்ட முடியாது, அதனால் வலைக்கயிற்றால் சுற்றி அளந்தாள். அதுவும் அப்படியே. தொட்டிக்காரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"என்னடி, தொட்டிக்குச் சட்டை தைக்கப்போறியா?"

"இல்லக்கா. இதுக்குள்ள ஒரு துண்டு ஒளிஞ்சிருக்கு. எல்லா வட்டத்துலயும் இருக்கு."

"புள்ளத்தாச்சியா இருக்கியான்னு மொதல்ல பாத்துக்கோ" என்றாள் தொட்டிக்காரி.

குப்பத்தில் அவளுக்கு 'உருட்டுக்காரி' என்று பெயர் விழுந்தது. லியூவுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த நகக்கண் மிச்சம் அவளை விடவில்லை. மணல் சரிந்ததால் வருகிறதா, குச்சி வளைந்ததால் வருகிறதா, இல்லை அது உண்மையாகவே இருக்கிறதா? ஒருநாள் இருக்கிற மாதிரி தெரியும், மறுநாள் இல்லாத மாதிரி தெரியும். வளையம் கட்டும்போதும் கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, மனம் அந்தப் பொட்டையே சுற்றிவரும்.

அவளுடைய மூன்றும் ஏழில் ஒன்றும் வீட்டு வேலைக்கு நன்றாக உதவியது. எந்த அளவுப் பரிசலுக்கும் பிளாச்சு சரியாக அமைந்தது. மாமியார் பாராட்டவில்லை. ஆனால் தன் பிளாச்சுகளையும் அவள் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தார், ஏதோ கண் தெரியவில்லை என்பதுபோல.

சண்டை ஓய்ந்து சில வருஷம் கழிந்திருந்தது. வடக்கேயிருந்து, நாம் தின் ஊரிலிருந்து, வியென் என்று ஓர் ஆசிரியை குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். லியூவைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. அவர் பேசுகிற வடக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளவே பெண்களுக்கு ஒரு வாரம் ஆனது. அவரும் இவர்களிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்.

எழுத்து வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, லியூ தயங்கித் தயங்கித் தன் துண்டைப் பற்றிச் சொன்னாள். வியென் சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஓர் அடையாளம் போட்டார். மேலே ஒரு கட்டை, கீழே இரண்டு கால்: π.

"மீன் காயப்போடுற பரண் மாதிரி இருக்கே" என்றாள் லியூ.

"இது கிரேக்க எழுத்து அக்கா. பைன்னு சொல்வாங்க. அவங்க பாஷைல 'சுத்துறது'ங்கற வார்த்தை இந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. நீங்க உருட்டிப் பாத்தீங்களே, மூணும் ஒரு துண்டும், அதோட பேரு இது."

"பேரு வெச்சிருக்காங்களா?"

"எழுத்து வெச்சு முந்நூறு வருஷம்கூட ஆகல. கணக்கு ரொம்பப் பழசு. மொதல்ல பல ஊர்ல மூணுன்னுதான் வெச்சிருந்தாங்க. அப்புறம் கிரேக்க நாட்டுல ஒருத்தர் வட்டத்துக்கு உள்ள ஒண்ணும் வெளிய ஒண்ணுமா, நேர்கோட்டுப் பக்கம் வெச்ச வடிவம் வரைஞ்சாரு. உள்ள இருக்கறது வட்டத்தவிடச் சின்னது, வெளிய இருக்கறது பெருசு. பக்கத்தக் கூட்டிக்கிட்டே போனா ரெண்டும் வட்டத்த நெருக்கும். தொண்ணூத்தாறு பக்கம் வரைக்கும் போனாரு. உங்க மூணும் ஏழுல ஒண்ணும் அவருக்கு வந்தது. சீனாவுல அதவிட நெருக்கமாப் போனவங்க இருக்காங்க."

லியூ, உள்வளையமும் வெளிவளையமும் பாயைக் கவ்வுவதை நினைத்துக்கொண்டாள். அந்த மனுஷன் வட்டத்தைக் கவ்வியிருக்கிறான். "அப்ப அந்த நகக்கண் மிச்சம்? அது மணலோட தப்பா, டீச்சர்?"

"இல்ல அக்கா. அது உண்மையாவே இருக்கு. ஏழுக்கு மேல ஒரு பொட்டு. அந்தப் பொட்ட வெச்சு அளந்தா அதுக்கு மேல இன்னொரு பொட்டு. முடியாது."

"இன்னும் முடிக்கலயா, முடிக்கவே முடியாதா?"

"முடிக்கவே முடியாது. அத நிரூபிச்சிட்டாங்க. முழுசா எழுத முடியலன்னுதான் ஓர் எழுத்த வெச்சிக்கிட்டாங்க."

லியூ அந்தப் பரண் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "முடியாத நீளத்துக்கு நான் எப்படி டீச்சர் மூங்கில் வெட்டுறேன்?"

வியென் சிரித்துவிட்டார். "உங்க கத்தி எவ்வளவு தடிமனோ அதுக்கு ஏத்த எடத்துல நிறுத்திக்கறீங்க. நானும் மூணு புள்ளி ஒண்ணு நாலுன்னு நிறுத்திக்கறேன். ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? நான் ஒரு தடவகூட உருட்டிப் பாத்ததில்ல. புத்தகத்துல இருந்தது, நம்பிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களும் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஈர மணலில் வளையம் உருட்டியதைக் குப்பமே பார்த்தது. உருட்டுக்காரிகள் இருவரானார்கள்.

அந்த வருஷம் மீனவர் கூட்டுறவுச் சங்கம் பெரிய பரிசல் ஒன்று கேட்டது. மணல்திட்டைத் தாண்டிப் பெரிய படகுகள் உள்ளே வர முடியவில்லை. மீனைக் கரைக்கு இறக்க, வழக்கமான பரிசலைப்போல இரண்டு மடங்கு அகலத்தில் ஒன்று வேண்டும். குறுக்கே பதினாறு சாண். தாவோவே அந்த அளவில் பின்னியதில்லை. லியூவின் பிறந்த ஊரிலிருந்து ஆற்றோடு நெடுமூங்கில் வந்து இறங்கியது. இரண்டு மூங்கிலை இணைத்தால்தான் ஒரு வளையத்துக்கு நீளம் காணும்.

உள்வளையம் வெட்டும் நாளில் முற்றம் நிறைய ஆட்கள். தாவோ தன் பழைய கணக்கைச் சொன்னார்: நாற்பத்தெட்டுச் சாண், அதோடு ஒரு சாண். லியூ, ஐம்பதைத் தாண்டும் என்றாள். தொவான் நடுவில் ஒரு முளையடித்து, கயிறு கட்டி, மணலில் வட்டம் போட்டு, ஓரம் நெடுக முளைகளை நட்டான். அவற்றைச் சுற்றிக் கயிறு ஓட்டி அளந்தபோது லியூ சொன்னதுதான் வந்தது.

"அம்மா, உங்க சாண் கடல்ல போயிருச்சு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தாவோ வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

பாயை மிதித்து இறக்கியதும் உள்வளையம் அதற்குள் கச்சிதமாக அமர்ந்தது. மறுநாள் காலை வெளிவளையம். வெளிவளையம் உள்வளையத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சாதாரணப் பரிசலுக்கு அது ஒரு சாண் கூடுதல்.

"இது ரெண்டு மடங்கு. அதனால ரெண்டு சாண் கூட்டி வெட்டுங்க" என்றாள் லியூ.

"ஒரு சாண் போதும்" என்றார் தாவோ.

"எப்படிம்மா போதும்? வட்டம் ரெண்டு மடங்கானா எல்லாமே ரெண்டு மடங்கு ஆகும். நேத்துதான பாத்தோம்."

"நண்டுத் தொட்டிக்கு ஒரு சாண். பரிசலுக்கு ஒரு சாண். என் கை எப்பவும் ஒரு சாண்தான் வெச்சிருக்கு."

"நேத்தும் அந்த ஒரு சாண்தான் சொன்னீங்க."

ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை கயிறு ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லியூவுக்கும் தோன்றவில்லை. இரண்டு சாண் கூட்டி வெட்டி, முனைகளைச் சீவி மெலிதாக்கி, நாலு பேர் பிடித்து வளைத்துக் கட்டினார்கள்.

வளையம் பாயைக் கவ்வவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டை மாதிரி விலகி நின்றது. லியூ இடைவெளியில் விரலை விட்டாள். இரண்டு விரல் நுழைந்தது. நாலு எட்டு நகர்ந்து மறுபடி விரலை விட்டாள். இரண்டு விரல். முழுவட்டமும் சுற்றி வந்தாள். எங்கே விட்டாலும் அதே இரண்டு விரல். இவ்வளவு பெரிய வளையத்தில் அதிகமாகிப்போனது ஒரே ஒரு சாண், அதுவே ஒரு சுற்று முழுக்க இரண்டு விரல் இடம் விட்டு நிற்கிறது.

தாவோ எழுந்து வந்தார். கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒரு சாணை மருமகளின் மூக்குக்கு நேரே காட்டிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார்.

வளையத்தை அவிழ்த்து, சீவின முனையை நறுக்கி, புதிதாக முனை சீவவேண்டியிருந்தது. ஒருநாள் வேலை வீண். சங்கத் தலைவர் முணுமுணுத்துவிட்டுப் போனார். தொவான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். லியூ அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். அவளுக்கு அவமானம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு குடைச்சல் இருந்தது: ஏன்?

வியென் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். லியூ மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், ஆசிரியையின் முகத்திலும் குழப்பம் படர்ந்தது. "இருங்க அக்கா. எனக்கும் ரெண்டு சாண்னுதான் தோணுது." கிழங்கை வைத்துவிட்டு வாசல் மணலில் ஒரு வட்டம் போட்டார், அதைச் சுற்றி இன்னொன்று.

"சரியாக் கவ்வி நின்னா, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவுல எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. அப்ப குறுக்களவு நாலு விரல் கூடுது."

"சின்னப் பரிசலுக்கும் அதே நாலு விரல்தான்" என்று லியூ மெதுவாகச் சொன்னாள். "பாயோட தடிமனும் வளையத்தோட தடிமனும் மாறலியே."

"நாலு விரல மூணாலயும் ஏழுல ஒண்ணாலயும் பெருக்குங்க."

பன்னிரண்டு விரல், அதோடு அரை விரலுக்குச் சற்று மேலே. பன்னிரண்டு விரல் என்றால் ஒரு சாண். இருவரும் மணலைப் பார்த்தபடி நின்றார்கள். பரிசல் எவ்வளவு பெரியது என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

"டீச்சர், அப்ப கடல்ல தெரியுற தீவச் சுத்தி ஒரு வளையம் போட்டு, ரெண்டு விரல் தள்ளி இன்னொரு வளையம் போட்டா?"

"ஒரு சாண்தான் கூட."

"உலகத்தச் சுத்திப் போட்டா?"

வியென் மணலில் குனிந்தார். குச்சியால் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். "உலகத்தச் சுத்தி இறுக்கமா ஒரு வளையம். அத ஒரே ஒரு சாண் நீளமாக்கினா, உலகம் பூரா, கடல் மேல, மலை மேல, எல்லா எடத்துலயும் ரெண்டு விரல் தூக்கி நிக்கும்." குச்சியைக் கீழே போட்டார். "ஆறு வருஷமா இந்தப் பாடம் நடத்துறேன் அக்கா. இத நான் கேட்டுக்கிட்டதே இல்ல. கணக்கு சரி. மனசு ஒத்துக்க மாட்டேங்குது."

"என் விரல் ஒத்துக்கிச்சு" என்றாள் லியூ. "இப்பத்தான் சுத்தி வந்து விட்டுப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தீவு, உலகம், இரண்டு விரல், ஒரு சாண். தாவோ பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு வடக்கேயிருந்து ஒரு டீச்சர் வரணுமா? நான் காலைலயே சொன்னேன்ல, ஒரு சாண்னு."

"சொன்னீங்கம்மா. உலகத்துக்கும் சேத்துத்தான்னு நீங்க சொல்லல."

"நீ கேக்கலயே" என்றார் தாவோ. அதற்கப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, வெற்றிலைச் சாறு மோவாயில் வழிந்தது. அன்றுதான் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்ததைத் தொவான் முதன்முதலாகப் பார்த்தான்.

பெரிய பரிசல் கடலில் இறங்கிப் பல வருஷம் மீன் இறக்கியது. லியூ மூன்று குப்பங்களுக்கு வளைய அளவு சொல்பவளானாள். வெளிவளையத்துக்கு மட்டும் ஆட்களைத் தாவோவிடம் அனுப்புவாள், அவர் கண்ணை மூடும்வரை. அந்தக் கௌரவம் தாவோவுக்குப் பிடித்திருந்தது. வியென் ஊர் மாற்றலாகி வடக்கே போனார். புதுவருஷத்துக்கு வாழ்த்து வரும், இவளும் நெத்திலிச் சாறு இரண்டு போத்தல் அனுப்பிவைப்பாள்.

முப்பது வருஷம் கழித்து, பணி ஓய்வுக்குப் பின், வியென் ஒருமுறை கோ யுவாவுக்கு வந்தார். லியூவின் தலை முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு பேரும் சுட்ட அப்பளத்தை நொறுக்கித் தின்றபடி பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் பேசி முடித்தார்கள். "பேப்பர்ல பாத்தேன் அக்கா. இப்ப கம்ப்யூட்டர வெச்சு அஞ்சு லட்சம் கோடி இலக்கம் வரைக்கும் போயிட்டாங்களாம்."

"அதுக்கு மேலயும் பொட்டு இருக்குதா?"

"இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் லியூ. பிறகு, "டீச்சர், இவ்வளவு காலம் எங்களோட இருந்தீங்களே, ஒரு தடவையாவது பரிசல்ல ஏறினீங்களா?" என்று கேட்டாள்.

வியென் ஏறியதில்லை. நீச்சல் தெரியாது, பயம். இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொன்னதுமில்லை. லியூ விடவில்லை. அலை அடங்கிய நேரமாகப் பார்த்து, இரண்டு பேர் உட்காரும் பரிசல் ஒன்றைத் தள்ளி, ஆசிரியையைக் கைபிடித்து ஏற்றினாள். துடுப்பு போட்டதும் பரிசல் முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா, சுத்துது. மெதுவா. எந்தப் பக்கம் முன்பக்கம்?"

"இதுக்கு முன்பக்கம் ஏது டீச்சர்? வளையத்தக் கெட்டியாப் புடிச்சுக்கங்க, அது போதும்."

வியென் இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். கரையும் தென்னைகளும் பள்ளிக்கூடத்துக் கூரையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. நாலாவது சுற்றில் அவர் கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். லியூ துடுப்பை மறுபக்கம் மாற்றிப் போட்டு, பரிசலை மெல்லக் கடல் பக்கம் திருப்பினாள்.